என் கட்டைவிரலில் ஏறிய ஆட்டுச் சீக்கு

போன மாதம் கொல்லிமலையிலிருந்து ஒரு போன் வந்தது. நான் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த கால்நடை மருந்தகத்தில் இப்போது வேலை பார்க்கும் டாக்டர் பேசினார். மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவியிருக்கிறதாம். உடம்பெல்லாம் கட்டி கட்டியாகக் கிளம்பி, காய்ச்சலோடு மாடு தீவனம் எடுக்காமல் நிற்கும் நோய் அது. தடுப்பூசி போட ஊர் ஊராகப் போனால், மாட்டைப் பற்றிக் கேட்பவர்களைவிட “இது நமக்கும் ஒட்டுமா?” என்று கேட்பவர்கள்தான் அதிகமாம். கறந்த பாலைச் சிலர் கீழே ஊற்றுகிறார்களாம். நீங்கள் இருந்த காலத்தில் இதற்கெல்லாம் என்ன பதில் சொன்னீர்கள் மேடம் என்று கேட்டார்.

அந்த நோய் மனிதருக்கு வராது, பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்பது அவருக்கே தெரியும். தெரிந்ததை எப்படிச் சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள் என்பதுதான் அவர் கவலை. எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதன் பிறகு கை வேலை ஓடவில்லை. அதே மலையில், அதே கேள்விக்கு, “ஒட்டும்” என்று நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்த ஒரு கோடை நினைவுக்கு வந்துவிட்டது.

நான் பேளுக்குறிச்சிப் பக்கத்துக்காரி. எங்கள் தோட்டத்து எருமைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கால்நடை மருத்துவம் படிக்கப் போனேன். படிப்பில் விலங்கிலிருந்து மனிதருக்குப் பரவும் நோய்கள் என்று ஒரு பகுதி உண்டு. பரீட்சைக்காக நெட்டுரு போட்டு, எழுதி முடித்ததும் மறந்துபோன பகுதி அது. கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருந்தபோது மலைக்குப் போஸ்டிங் வந்தது. செம்மேட்டில் ஒரு வீடு பிடித்துக் குடியேறினோம். பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் என் மகன் வாந்தி எடுத்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அப்போது எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் டாக்டர் வையாபுரி. அவர் ஆபீஸ் சமவெளியில். ஆனாலும் வாரத்தில் ஓரிரு நாள் மலைக்கு வந்துவிடுவார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. கட்டுத்தறிக்குள் நுழையும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, சோப்புப் போட்டுக் கழுவுவார். பிறகு மாட்டைப் பார்க்காமல் மாட்டுக்காரரைப் பார்ப்பார். “இதை யாரெல்லாம் தொட்டீங்க?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மாட்டுக்கு என்ன என்பது இரண்டாவது.

ஆரம்பத்தில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. மாடு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். இவர் யார் கறந்தது, யார் மருந்து புகட்டியது, கையில் காயம் இருக்கிறதா என்று நிதானமாக விசாரித்துக்கொண்டிருப்பார்.

நான் சேர்ந்த முதல் வருடம் அதன் அர்த்தம் புரிந்தது. ஒரு பசு எச்சில் ஒழுக நிற்கிறது, மரவள்ளிக் கிழங்கு தொண்டையில் சிக்கியிருக்கிறது என்று கூப்பிட்டார்கள். மலையில் அது சாதாரணம். வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஏற்கெனவே கையை விட்டுத் துழாவிப் பார்த்திருந்தார்கள். நானும் கையை விடப் போனேன். பின்னாலிருந்து டாக்டர் வையாபுரி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பசு கத்துவதைக் கேட்கச் சொல்வதுபோல் தலையை மட்டும் அசைத்தார். கட்டிப்போன கரகரத்த குரல். கிழங்கு சிக்கிய மாடு அப்படிக் கத்தாது. அது வெறிநோய். பசு செத்த பிறகு மூளையைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் உறுதியானது. ஆனால் அவர் அதற்குக் காத்திருக்கவில்லை. அன்றைக்கே அண்ணன் தம்பி இருவரையும் தன்னுடன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் அது. இரண்டு பேரும் பயந்து நழுவப் பார்த்தார்களாம். ஊசி முடியும்வரை ஒவ்வொரு முறையும் வரிசையில் அவர்கள் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். இருவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

விலங்கின் கிருமி மனிதருக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. ஏறினால் ஆளைக் கொல்லும் என்றே மனதில் பதிந்துபோயிருந்தது. அதனால்தான் பிறகு பவுனு என்ற இளம்பெண்ணின் கையைப் பார்த்தபோது உயிருக்கே ஆபத்து என்று நினைத்துவிட்டேன்.

மலையில் பல சிற்றூர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; ஆலத்தூர் நாட்டில், சாலையிலிருந்து இறங்கி நடந்து போக வேண்டிய ஒரு சிற்றூர். அங்கே துரைசாமி என்பவரின் ஆடுகளுக்கு வாயில் புண் என்று தகவல் வந்தது. அன்றைக்கு டாக்டர் வையாபுரியும் மலையில் இருந்ததால் சேர்ந்தே போனோம். குட்டிகளின் உதட்டைச் சுற்றிப் பொருக்குப் பொருக்காக, மிளகைக் கொத்தாக ஒட்டி வைத்ததுபோல் புண் தடித்திருந்தது. பால் குடிக்க முடியாமல் குட்டிகள் மெலிந்துகொண்டிருந்தன. தாயாடுகளின் காம்பிலும் அதே புண். வலி தாங்காமல் குட்டிகளை உதைத்துத் தள்ளின.

வழக்கம்போல் அவர் கையைக் கழுவிவிட்டு, யாரெல்லாம் தொட்டீர்கள் என்று கேட்டார். துரைசாமி தரையைப் பார்த்தார். அவருடைய அம்மா, “எங்கூட்டு மருமவதானுங்க பாத்துக்கிட்டிருந்தா. இப்ப அவளை ஒண்ணையும் தொட உடறதில்லீங்க” என்றார்.

மருமகள் பவுனு வீட்டில் இல்லை. மிளகுக்கொடி படர்ந்த மரங்களைத் தாண்டி, தானியம் காயவைக்கும் களத்தின் ஓரத்தில் இருந்த குடிசையில் தனியாக இருந்தாள். இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். வலது கையில் துணி சுற்றி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியிருந்தாள். நான் துணியைப் பிரித்தேன். ஆள்காட்டி விரலில் ஒரு புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி. நடுவில் சிவப்பு, அதைச் சுற்றி வெள்ளை வளையம், அதற்கு வெளியே மறுபடி சிவப்பு. நீர் கசிந்துகொண்டிருந்தது. தாய்ப்பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. அவளுக்குத் தவழும் வயதில் ஒரு மகன் இருந்தான். சீக்கு ஒட்டிவிடும் என்று பிள்ளையை அவளிடமிருந்து பிரித்து, மாமியார் வீட்டில் வைத்துப் பசும்பால் புகட்டிக்கொண்டிருந்தார்கள்.

பவுனு அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், “ஏனுங்க டாக்டரம்மா, எனக்கும் ஆட்டுக்கும் வந்திருக்கறது ஒரே சீக்குங்களா?” என்று கேட்டாள்.

எங்களில் முதலில் அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டது அவள்தான். தாய் உதைத்துத் தள்ளிய குட்டியொன்றை அவள் வளர்த்திருக்கிறாள். விரலைப் பாலில் நனைத்துக் குட்டியின் வாயில் வைத்துச் சப்பக் கொடுத்திருக்கிறாள். மரவள்ளி சீவும்போது அந்த விரலில் முன்பே ஒரு கீறல் பட்டிருந்தது.

டாக்டர் வையாபுரி அவள் கையைத் தொடாமல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். வலிக்கிறதா, கறுத்ததா, காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். பிறகு என்னைத் தள்ளி அழைத்துப் போய், ஆட்டுக்கு வரும் ஒரு வகை அம்மை என்று தனக்குத் தோன்றுவதாகச் சொன்னார். ஆர்ஃப் என்று அதற்குப் பெயர். மனிதருக்கு ஏறினால் விரலில் கட்டி வரும், சில வாரங்களில் தானே ஆறிவிடும் என்று படித்திருக்கிறார், கண்ணால் பார்த்ததில்லை. “ஆனா தோணுறதை வச்சு அந்தப் பொண்ணுகிட்ட எதையும் சொல்லிடக் கூடாதும்மா. அடைப்பானா, அதான் ஆந்த்ராக்ஸா இருந்தா உயிருக்கே ஆபத்து. முதல்ல அது இல்லைன்னு தெரியணும். அதுவும் போக, நாம மாட்டு டாக்டர். மனுசர் கைக்கு மருந்து சொல்ற உரிமை நமக்குக் கிடையாது” என்றார்.

அடுத்து துரைசாமி சொன்ன செய்தியில் இருவருமே திகைத்துப்போனோம். பவுனுவை அடிவாரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். விரல் அழுகுகிறது, விட்டால் கைக்கு ஏறிவிடும், விரலை எடுத்துவிட வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அடுத்த சந்தை முடிந்ததும் கூட்டி வருவதாகத் துரைசாமி ஒப்புக்கொண்டிருந்தார்.

அன்று நாங்கள் மாதிரி எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். குட்டிகளின் புண்ணில் மருந்து எதுவும் படக்கூடாது, பட்டால் கிருமி செத்துவிடும் என்று வெறும் சுத்தமான நீரால் துடைக்கச் சொன்னார். காய்ந்து உதிரப்போகும் பொருக்கு வேண்டாம். புதிதாகக் கட்டியிருக்கும் பொருக்கை இடுக்கியால் அடியோடு தூக்கி, கிளிசரின் கலந்த நீர் இருந்த சின்ன பாட்டிலில் போட வைத்தார். மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினார். பாட்டிலில் ஒட்டும் சீட்டில் ஆட்டுக்காரர் பெயரைப் பென்சிலால் எழுதச் சொன்னார். ஐஸ் உருகி நனைந்தால் பேனா மை அழிந்துவிடும். அடைப்பான் இல்லையென்று பார்க்க, ஆடுகளின் காதில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்தோம். குட்டியொன்றின் வாயை நான் பிடித்திருந்தபோது அது திமிறிக் கடித்தது. கையுறை கிழிந்தது. அவர் உடனே என்னை நிறுத்தி, கட்டைவிரலை ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வைத்தார்.

மருந்தகத்துக்கு வந்து நுண்ணோக்கியில் ரத்தத்தைப் பார்த்தோம். நான் பார்த்தேன், அவர் பார்த்தார், பிறகு மறுபடி என்னைப் பார்க்கச் சொன்னார். அடைப்பான் கிருமி இல்லை. தடுப்பூசிக்காக வைத்திருந்த ஐஸை பிளாஸ்கில் நிரப்பி, பாட்டில்களை அதில் இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு அவரே பஸ் ஏறினார். வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் பிளாஸ்கைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு போனதாகப் பிறகு டிரைவர் என்னிடம் சொன்னார்.

ஆய்வகத்திலிருந்து பதில் வர வாரக்கணக்கில் ஆகும். சந்தையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் ஒரு காலை பாத்திரம் தேய்க்கும்போது என் கட்டைவிரல் விண்ணென்று தெறித்தது. பார்த்தால் சிவப்பாக ஒரு சின்ன மொட்டு. முதலில் எறும்புக்கடி என்று நினைத்தேன். அடுத்தடுத்த நாட்களில் அது பெருத்து நடுவில் வெளுத்தது. படித்தவள்தான், ஆனாலும் மகனைத் தூக்கக் கை வரவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் என் விரலைப் பார்த்த நிமிடத்திலிருந்து எனக்குத் தனி டம்ளர், தனித் தட்டு என்று வைத்துவிட்டார். கோபமில்லை, திட்டுமில்லை. “உனக்கு நல்லாகற வரைக்கும்தான் கண்ணு” என்று அன்பாகத்தான் சொன்னார். அந்தத் தட்டில் சாப்பிடும்போது களத்தோரக் குடிசை நினைப்பு வந்துகொண்டே இருந்தது.

டாக்டர் வையாபுரி மலைக்கு வந்ததும் விரலை நீட்டினேன். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். எப்போது தொடங்கியது, நெறி கட்டியிருக்கிறதா என்று விசாரித்தார். அவர் முகத்தில் கவலையும் இருந்தது, அதை மீறி வேறொன்றும் எட்டிப் பார்த்தது. சொல்லலாமா கூடாதா என்று யோசித்தவர் கடைசியில், “உங்களுக்கு வந்ததுக்கு வருத்தப்படறேன்மா. ஆனா நமக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது” என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். கட்டுப்போட்டுக்கொண்டு மகனைத் தூக்கலாம் என்றும் சொன்னார்.

மறுநாளே அடிவாரத்து டாக்டரைப் பார்க்கப் போனோம். துரைசாமியையும் பவுனுவையும் அங்கே வரச் சொல்லியிருந்தோம். டாக்டர் வையாபுரி நோயாளிகளுக்கான பெஞ்சில் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை காத்திருந்தார். உள்ளே போனதும், தான் கால்நடை டாக்டர் என்றும் மனித வைத்தியத்தில் தலையிட வரவில்லை என்றும், ஆடுகளைப் பற்றிய ஒரு தகவலைக் கொடுத்துவிட்டுப் போக வந்ததாகவும் சொன்னார். ஆடுகளின் புண், குட்டி சப்பிய விரல், அடைப்பான் இல்லை என்ற பரிசோதனை எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினார். அந்த டாக்டர் நல்ல மனிதர்; குறுக்கே பேசாமல் கேட்டார். இப்படியொன்று தான் பார்த்ததில்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அப்போது நான் என் கட்டைவிரலைப் பவுனுவின் விரலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

என்னுடையதில் வெள்ளை வளையம் அப்போதுதான் தெளிவாகியிருந்தது. பவுனுவின் கட்டி அதைத் தாண்டி, மேலே பொருக்குக் கட்டத் தொடங்கியிருந்தது. பவுனுவுடையது ஆரம்பத்தில் என்னுடையது மாதிரியே இருந்ததா என்று அடிவாரத்து டாக்டர் துரைசாமியிடம் கேட்டார். அச்சு அசல் இப்படித்தானுங்க என்றார் துரைசாமி. டாக்டர் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இப்போதைக்கு விரலை எடுக்க வேண்டாம், ஆறுகிறதா என்று பார்ப்போம், வேறு கிருமி சேராமல் கட்டுப்போட்டால் போதும் என்றார்.

பவுனு அவரிடம் கேட்டது விரலைப் பற்றியே அல்ல. பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா என்றுதான். புண் பிள்ளைமேல் படாமல் மூடிக்கொண்டு, மறு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு தாராளமாகக் கொடுக்கலாம் என்றார் டாக்டர். அவள் எழுந்து நின்றுவிட்டாள். அப்போதே மலையேறிவிட வேண்டும் அவளுக்கு.

ஆனால் ஊரில் பவுனுவின் மாமியார் ஒப்பவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை அடைத்தபடி நின்றார். எனக்கு எரிச்சல் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் வையாபுரி கையமர்த்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் அம்மையைப் பார்த்திருக்கிறாரா என்று மெதுவாகக் கேட்டார். பெரியம்மை இருந்த காலத்தில் இரண்டு பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர் அவர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. டாக்டர் வையாபுரி அந்தப் பிள்ளைகளின் பெயர் என்ன என்று கேட்டார். அந்த அம்மாள் சொன்னார். இவர் அந்தப் பெயர்களை ஒரு முறை திருப்பிச் சொன்னார்.

“அது மனுசர்கிட்ட இருந்து மனுசருக்குத் தாவுற அம்மைம்மா. நீங்க பயந்தது நியாயம். இது ஆட்டோட அம்மை. உங்க மருமக விரல் வரைக்கும் ஏறிடுச்சு. அதுக்கு மேல ஏற அதுக்குத் தெம்பு கிடையாது. புண்ணை மூடி வச்சுக்கிட்டா போதும்.”

அந்த அம்மாள் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். என் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்.

“உங்களுக்குக் கொழந்தை இருக்குதுங்களா?”

“பையன் இருக்கான்.”

“இந்தக் கையோட அவனைத் தொடறீங்களா?”

பொய் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது. முதலில் பயந்தேன் என்றும், இந்த டாக்டர் சொன்ன பிறகு கட்டுப்போட்டுக்கொண்டு இன்று காலை தூக்கிச் சோறு ஊட்டிவிட்டுத்தான் கிளம்பினேன் என்றும் சொன்னேன். அதுதான் நடந்தது. அந்த அம்மாள் வாசலை விட்டு இறங்கினார். பிறகு களத்தைப் பார்த்து நடந்தார். பவுனு குடிசை வாசலில் வந்து நின்றாள். “இந்தா சாமி, உங்க அம்மாகிட்டப் போ” என்று பிள்ளையை அவள் இடது கையில் இறக்கினார். பையன் ஒரு கணம் அந்நியமாகப் பார்த்தான். பிறகு முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டான். டாக்டர் வையாபுரி ஆடுகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவசரமாக அந்தப் பக்கம் போனார்.

ஆய்வகத்திலிருந்து ஆர்ஃப்தான் என்று பதில் வந்தபோது பவுனுவின் பொருக்கு உதிர்ந்து இளந்தோல் தெரிந்துவிட்டது. அடுத்த சில வாரங்களில் என்னுடையதும் உதிர்ந்தது. குட்டிகளில் ஒன்றிரண்டு இறந்தன, மற்றவை தேறின. முள்செடியைத் தின்று வாய் கீறிய ஆட்டுக்குத்தான் இந்த நோய் சுலபமாகப் பிடிக்கும் என்று ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்துச் சொன்னோம். வெறும் கையால் புண்ணைத் தொடாதீர்கள் என்றும் சொன்னோம். தொட்டுப் புண் வந்தவர்களைத் தள்ளி வைக்காதீர்கள் என்பதை டாக்டர் வையாபுரி தனியாக ஒருமுறை சொன்னார்.

பிறகு எனக்கு மாற்றல்கள் வந்தன. பறவைக்காய்ச்சல் பயத்தில் கோழிப் பண்ணைகளில் முழு உடுப்பு மாட்டிக்கொண்டு வியர்த்த நாட்கள் உண்டு. கறவைக்காரர்களின் கையில் எருமை அம்மையைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நோயிலும் ஜனங்கள் கேட்டது அந்த ஒரே கேள்விதான். பதில்தான் நோய்க்கு நோய் மாறியது. டாக்டர் வையாபுரி ஓய்வு பெற்றுச் சில வருடங்களில் காலமானார். துக்கத்துக்குப் போயிருந்தபோது, வெறிநோய்ப் பசுவைத் தொட்டதால் ஊசி போட்டுக்கொண்ட அந்த அண்ணனும் தம்பியும் வயதான காலத்தில் மலையிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றிருந்தார்கள்.

என் வேலையின் கடைசி வருடங்களில் கொரோனா வந்தது. அது விலங்கிலிருந்து வந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. மலையில் சில ஊர்களில் வழியை மரக்கிளை போட்டு அடைத்திருந்தார்கள். அப்போது ஒரு நாள் பவுனு எனக்குப் போன் செய்தாள். அன்று முகத்தைப் புதைத்துக்கொண்ட அந்த மகன் இப்போது சரக்கு வண்டி ஓட்டுகிறான்; என் நம்பர் அவனிடம் இருந்தது. வெளியூரில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு குடும்பத்தை ஊருக்கு வெளியே கொட்டகையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்களாம். புருசன், பெண்டாட்டி, ஒரு சின்னப் பெண். பவுனுதான் தினமும் சோறு கொண்டுபோய் வைக்கிறாளாம். எத்தனை அடி தள்ளி உட்கார்ந்தால் போதும் என்று தெரிந்துகொள்ளத்தான் கூப்பிட்டிருந்தாள்.

தூரத்தைச் சொன்னேன். முகக்கவசத்தைப் பற்றியும் சொன்னேன். பிறகு, சோறு வைத்துவிட்டு உடனே திரும்பிவிடலாமே, எதற்காக உட்கார வேண்டும் என்று கேட்டேன்.

“சோத்தை வச்சுப்போட்டுத் திரும்பி நடந்தா, அந்தப் புள்ள நான் மறையற வரைக்கும் பாத்துக்கிட்டே நிக்குதுங்க” என்றாள். “அதான், அதுங்க தின்னு முடிக்கற வரைக்கும் ஒரு கல்லு மேல உக்காந்து பேசிக்கிட்டிருந்துட்டு வாரேன்.”

பயமாக இல்லையா பவுனு என்றேன்.

“பயமாத்தானுங்க இருக்குது. அதனாலதான் எவ்வளவு தூரம்னு உங்களைக் கேட்டேன்.”